காமாலை வந்ததில்லை என்று சொன்னேன்

திண்டிவனம்
12-9-1963, வியாழன்

காலையில் என் மகள் ஸ்டெல்லா முகம் கழுவும்போது அவள் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது.

ஆறு வாரமாக அவள் கால் நகத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். பெருவிரல் நகம் தடித்து, பொடிந்து கிடந்தது. வெறும் படைதான். பெண் பார்க்க வந்தவர்கள் குஷ்டமோ என்று சந்தேகப்பட்டுப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் விழுப்புரம் டாக்டரிடம் போனோம். புது மாத்திரை, வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டும் என்றார். சீட்டு எழுதும் முன் கேட்டார்: "பொண்ணுக்கு எப்பவாவது மஞ்சக்காமாலை வந்திருக்கா?"

"இல்லீங்க" என்றேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் வந்தது. கோலியனூரில் கீழாநெல்லி கொடுத்துத் தேற்றினோம். சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் மறைத்தே பழகிய வாய், டாக்டரிடமும் அதையே சொல்லிவிட்டது.

இன்று மத்தியானம் அவளைக் கூட்டிப்போய் உண்மையைச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ரத்தம் எடுத்துக்கொண்டு, "இனிமே அந்த மாத்திரைய தொடக் கூடாது. ஈரல் எப்படி இருக்குன்னு ரெண்டு நாள்ல சொல்றேன்" என்றார்.

பஸ்ஸில் அவள் செருப்பைக் கழற்றியிருந்தாள். பழைய நகத்தின் அடியில் கீற்றாக நல்ல நகம் முளைத்திருக்கிறது. எனக்குத் தாங்கவில்லை.

"நீயும் பக்கத்துலதான உக்காந்துக்கினு இருந்த. நீயாவது சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "யாரு கேட்டாலும் இல்லன்னு சொல்லணும்னு நீங்கதானப்பா சொன்னீங்க."