காலி டப்பா திரும்பக் கூடாதாம்

ஓவனைத் திறந்ததும் கருஞ்சீரக வாசம் முகத்தில் அடித்தது. உன் ஞாபகம் வந்தது, கூடவே கோபமும் வந்தது. செத்துப்போன சிநேகிதிமேல் இன்னுமா கோபம் என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். ஆமாம், இன்னும்தான்.

கோதுமையும் மைதாவும் ஆயுளுக்கும் கூடாது, குடல் ஆறும்வரை எந்தத் தானியமும் வேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்று, கரியாஹாட் கடைத்தெரு முனையில் நின்று அழுதாய். நோயை நினைத்தா அழுதாய்? "டீயோட கறுக்குனு கடிக்க இனிமே என்னடி இருக்கு?" என்று அழுதாய். அங்கேயே ஒரு கடையில், விரதக்காரர்கள் வாங்கும் பானிஃபல் மாவை வாங்கினேன். குளத்தில் விளையும் காயை உலர்த்தி அரைத்த மாவு அது. தானியம் துளிகூடக் கிடையாது.

பிஸ்கட் சுட லேசில் வழிக்கு வந்ததா அந்த மாவு? தேய்த்தால் உதிர்ந்தது. தண்ணீர் கூட்டினால் ஜவ்வாக இழுத்தது. "இது நீ சுட்டதா, செருப்புக் கடையில வாங்கினதா?" என்றாய். ஆளி விதையைப் பொடித்து வெந்நீரில் ஊறவைத்தால், அந்தக் கொழகொழப்பு மாவைச் சேர்த்துப் பிடிக்கும் என்று கண்டுபிடிக்க ஒரு மழைக்காலமே போயிற்று. எள், மிளகு, அப்புறம் உனக்கு உயிரான, மைதாவில் மொறுமொறுவென்று பொரிக்கும் நிம்கியின் வாசத்துக்காகக் கருஞ்சீரகம். பட்டர் பேப்பருக்கு நடுவில் மெல்லிசாகத் தேய்த்து, கத்தியால் கோடு கிழித்து, வெந்தபின் ஓவனுக்குள்ளேயே ஆறவிட்டேன். முதல் உப்பு பிஸ்கட் கறுக்கென்று உடைந்தபோது இருவரும் கத்திய கத்தலில் வாட்ச்மேன் மேலே ஓடி வந்தார்.

அதன்பிறகு வாரம் தவறாமல் கீழே உன் வீட்டுக்கு பிஸ்கட் அனுப்பினேன். நீ தின்கிறாய் என்று நினைத்தேன். ஆனால் குடல் ஆறவே இல்லை. "எங்கடி தப்பு நடக்குது?" என்று கேட்கும்போதெல்லாம் "தெரியலையே" என்று கையை விரித்தாய். ஆறாத குடலில் கட்டி வந்தது. போய்விட்டாய்.

இன்று பிஜோயா. துர்கையை ஆற்றில் விட்டுவிட்டு, வீடு வீடாகப் பலகாரம் கொடுத்துக்கொள்ளும் நாள். உன் மகளுக்கும் உன் குடல்தான் என்று போன மாதம் தெரிந்தது. அவளுக்காகச் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். நாம் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் மேல்மாடி வங்காளி அம்மா ஒரு டப்பா நிம்கியோடு அங்கே உட்கார்ந்திருந்தார். என் பிஸ்கட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, இதுவா! உங்கம்மா எப்பவும் என் டப்பாவ இத நிரப்பித்தானே திருப்பிக் குடுப்பா," என்றார் வங்காளத்தில்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பலகாரம் வந்த டப்பா காலியாகத் திரும்பக் கூடாது, அவ்வளவுதானே? அவர்கள் டப்பாவில் என் பிஸ்கட்டைப் போட்டு அனுப்பிவிட்டு, அவர்கள் நிம்கியை நீ தின்றாய். எப்படி இருந்தது என்று கேட்பார்கள், தின்னாமல் பொய் சொல்ல உனக்கு வராது. நோயைச் சொல்லவோ வாயே வராது. "ஒண்ணு தின்னா செத்தா போயிடுவேன்?" என்று ஒருமுறை சிரித்தாயே, அப்போதே கன்னத்தில் ஒன்று வைத்திருக்க வேண்டும்.

பௌதி நிம்கியை உன் மகளிடம் நீட்டினார். "ஏக்டா கேலே கிச்சு ஹபே நா." ஒன்று தின்றால் ஒன்றும் ஆகாதாம். பாவம், அவருக்கு என்ன தெரியும்? உன் மகளின் கை நீண்டது. நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

"ஆன்ட்டி, ப்ளீஸ். பிஜோயா அன்னிக்கு அவங்க மனசு கஷ்டப்படும். ஒண்ணுதானே," என்றாள் தமிழில்.

"உங்கம்மாவும் ஒண்ணு ஒண்ணாத்தான்டி தின்னா."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு டப்பாவை மெல்லத் தள்ளிவைத்தாள். "ஆமி காபோ நா, மாஷிமா," என்று பௌதியிடம் வங்காளத்திலேயே சொன்னாள். "நான் சாப்பிட மாட்டேன், எனக்கு ஆகாது. அம்மாவுக்கும் ஆகாது."

குரல் உன்னுடையதேதான். பௌதி டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அவ ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு டப்பாவை மூடி எடுத்துப் போனார்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை, உறவு அறுந்துபோகவில்லை. இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உனக்கு என்னடி கேடு?

கோபம் தீரவில்லை, தீரவும் வேண்டாம். நாளைக்கு எதிர்வீட்டிலிருந்து டப்பா வரும். உன் மகள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன்.