ஹீட்டரில் வந்த குளிர்காற்று

2025 ஜனவரி 2, வியாழன்

இரத்தினபுரிக்கு ஒரு ஹயர், வாடகைச் சவாரி. திரும்பும்போது நல்ல மழை. முன்கண்ணாடியில் ஆவி படிந்ததால் ஹீட்டரைப் போட்டேன். வந்தது குளிர்காற்று. ஜப்பானிலிருந்து வந்த வேன் இது. அதில் ஹீட்டர் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. எங்கள் ஊர் நிவித்திகலயில் யாருக்கு வேண்டும் ஹீட்டர்?

எங்களுக்கு வேண்டும். பதினொன்றாம் திகதி மகள் ரிஸ்னாவையும் குழந்தையையும் நுவரெலியாவில், அவள் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும். தலைப்பிள்ளை என்பதால் பிரசவத்துக்கு இங்கே வந்தவள். பிள்ளை பெற்ற நாற்பது நாள் முடியப்போகிறது. குழந்தை மாதம் நிறையாமல் பிறந்தது. குளிர் படவே கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். ஜனவரியில் நுவரெலியாவில் புல்லின் மேல் பனி உறைந்து கிடக்கும்.

ஜனவரி 4

வேனை நிரோஷனின் கராஜுக்குக் கொண்டுபோனேன். தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்து சொந்தமாகக் கராஜ் போட்டவன். இந்தப் பக்கத்தில் இன்ஜினின் சத்தத்தை வைத்தே நோய் சொல்லக்கூடியவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாம் கழற்றிவிட்டுத்தான் யோசிப்பார்கள். என்னை அண்ணன் முறையில் 'நானா' என்பான்.

றேடியேட்டரில் தண்ணீர் குறைவு என்றான். ஊற்றினான். லைனில் காற்றுப் பிடித்திருக்கும் என்று இன்ஜினை ஓடவிட்டுக் குமிழி எல்லாம் போகும்வரை நின்றான். ஹீட்டரில் கொஞ்சம் சூடு வந்தது. சரி, முடிந்தது என்று கிளம்பினேன். சந்தி தாண்டுவதற்குள் பழையபடி குளிர்.

ஜனவரி 5

மாப்பிள்ளை ஸாஜித் போனில் பேசினார். கடையை விட்டுவிட்டு வரமுடியாத மனிதர். பிள்ளையை இதுவரை இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறார். அறைக்கு மின்சார ஹீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாராம். வேன் சரிவராவிட்டால் பரவாயில்லை, பெப்ரவரி முடிந்து குளிர் குறையட்டும் என்றார். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. ரிஸ்னா போனை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

வேறு வேன் பார்க்கலாம்தான். இந்த ஊரில் ஹீட்டர் வேலைசெய்கிற வேன் யாரிடம் இருக்கிறது? கெட்டுப்போனது தெரியாமலே பத்து வருடம் ஓட்டுகிற ஆட்கள் நாங்கள்.

ஜனவரி 6

நிரோஷன் ஹீட்டர் லைனைக் கழுவினான். துரு கலந்த தண்ணீர் ஒரு வாளி வந்தது. பலன் இல்லை.

ஜனவரி 7

நிரோஷன் இன்று ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் திரும்பி வரும் ஹோஸையும் கையால் பிடித்துப் பார்த்தான். உள்ளே அடைப்பு இருந்தால் ஒன்று சுடும், மற்றது குளிரும். இரண்டும் ஒரேமாதிரி வெதுவெதுப்பு. கொஞ்சம் யோசித்துவிட்டு றேடியேட்டருக்கு முன்னால் ஒரு அட்டையைச் சொருகினான். காற்றுப் படாமல் மறைக்கிறானாம். கலவான ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். ஹீட்டரில் அப்படி ஒரு சூடு.

"ஹீட்டர்ல பிழை இல்ல, நானா. இன்ஜின்தான் சூடாகல. தேர்மோஸ்டாட் தொறந்தபடியே இறுகியிருக்கும். கழட்டிப் பாப்போம்" என்றான்.

அவசர ஹயர் ஒன்று இருப்பதாகச் சொல்லி வேனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஹயர் ஒன்றும் இல்லை.

எழுதிவிடுகிறேன். தேர்மோஸ்டாட் இறுகவில்லை. அது அங்கே இல்லவே இல்லை. இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை றேடியேட்டர் பக்கம் போகவிடாமல் பிடித்துவைக்கிற சின்ன வால்வு அது. நாலு வருடத்துக்கு முன் வேன் ஏற்றத்தில் கொதித்தபோது நான்தான் கழற்றி எறிந்தேன். இங்கே லொறிக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான், இந்த வெயிலுக்கு அது எதற்கு என்று. நிரோஷன் அப்போதே புதியது ஒன்று கொண்டுவந்து தந்தான். கட்டாயம் போடுங்க என்றான். நானே போட்டுக்கொள்கிறேன் என்று வாங்கினேன். பிறகு கேட்டபோது, போட்டேன் என்றேன்.

இப்போது கழற்றினால் வெறும் ஓட்டையைப் பார்ப்பான். ஐம்பத்தாறு வயதில் பொய்க்காரன் என்று பெயர். — அதுதானா காரணம்?

ஜனவரி 8

வேன் வாசலிலேயே நிற்கிறது. நானும் வீட்டில்தான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். என் விரலைப் பிடித்தால் விடுகிறாளில்லை.

மத்தியானம் ஸபியா சோறு போட்டுக்கொண்டே, வேன் ஏன் கராஜுக்குப் போகவில்லை என்று கேட்டாள். முப்பது வருடம் கூட வாழ்ந்தவளிடம் எதைச் சொல்லி மழுப்புவது. தேர்மோஸ்டாட் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை.

"வேன் சரிவராட்டி மகள் இங்கேயே நிப்பாண்டு நெனச்சீங்களா?"

இல்லை என்றேன். ஆனால் நினைத்தேன்தான். வெட்கத்தில்தான் வாயை மூடினேன், அது உண்மை. பெப்ரவரி என்று ஸாஜித் சொன்னபோது உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், அதுவும் உண்மை. பெத்த புள்ளைய ரெண்டே தரம் பார்த்த மனுஷன் அவர். எனக்கு என்ன வந்தது? நான் எல்லாம் ஒரு வாப்பாவா?

ஜனவரி 9

காலையிலேயே கராஜுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நிரோஷன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். கோபப்படுவான் என்று நினைத்தேன்.

"மொதல்லயே சொல்லியிருந்தா அந்த ஹீட்டர நான் இவ்வளவு ஏசியிருக்க மாட்டேனே, நானா."

இரத்தினபுரிக்குப் போய்ப் புதியது வாங்கி வந்தோம். இந்தத் தடவை என் கையில் தரவில்லை, அவனே போட்டான். என்னைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு போட்டான்.

ஜனவரி 10

அட்டை இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன். சூடு. ரிஸ்னாவிடம் சொன்னதும் பேக்கை எடுத்து அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

ஜனவரி 12, ஞாயிறு

நேற்று அதிகாலை சுபஹு தொழுதுவிட்டுக் கிளம்பினோம். பலாங்கொடை தாண்டியதும் ஹீட்டரைப் போட்டேன். ஹப்புத்தளையில் ரோடே தெரியாத மூடுபனி, உள்ளே கதகதப்பு. வெலிமடைக்குப் பக்கத்தில் ரிஸ்னா, "வாப்பா, கொஞ்சம் குறைங்க. புள்ளக்கி வேர்க்குது" என்றாள். குறைத்தேன். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டாம்.

ஸாஜித் கடையைப் பூட்டிவிட்டு ரோட்டிலேயே காத்துக்கொண்டு நின்றார். போர்த்தியிருந்த சால்வைக்குள் பிள்ளையை வாங்கிக்கொண்டார். நான் பெட்டி இறக்கப் போய்விட்டேன்.

இரவு அங்கே தங்கிவிட்டு இன்று காலை நானும் ஸபியாவும் திரும்பினோம். பின்சீட் காலி. மலை இறங்கிப் பெல்மதுளைக்கு வந்ததும் ஸபியா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். வேர்வை. என் சட்டையும் நனைந்திருந்தது. நுவரெலியாவில் போட்ட ஹீட்டர் அதுவரை ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.