மழையில் நிற்கும் டயர்

அத்தை,

நேற்று மாலை மகன் தன் மோட்டார் சைக்கிளுக்குப் புது டயர் மாட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். ரப்பர் வாசம் கூடம்வரைக்கும் வந்தது. "மலிவாத்தான் கெடச்சதுப்பா, ரொம்ப நாளைக்கு வரும்" என்றான். நான் எழுந்துபோய்க் குனிந்து, கட்டைவிரல் நகத்தால் டயரை அழுத்திப் பார்த்தேன். "மாங்காயா வாங்கிட்டு வந்திருக்கேன்?" என்று சிரித்தான். அவன் பிறந்த வாரத்தில் நீங்களும் நானும் டயர் வாங்கப் போன கதை அவனுக்குத் தெரியாது. உங்களிடமே சொல்லிப் பார்க்கிறேன். எங்காவது கூட்டிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கமலாவைக் கட்டிக்கொண்டு காஜா பெராங்கில் இருந்த உங்கள் வீட்டுக்கு நான் வந்து இரண்டு வருடமாகியும் நீங்கள் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. மாப்பிள்ளையின் முகம் பார்த்து மாமியார் பேசக் கூடாது என்பது நீங்கள் வளர்ந்த தோட்டக் குடியிருப்பின் வழக்கம். நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். நீங்கள் அடுப்படிக் கதவோரம் நின்று, "கமலா, மாப்பிள்ளைக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்பீர்கள். அவள் திரும்பி என்னைக் கேட்பாள். "போதும்னு சொல்லு" என்பேன். கமலா வீட்டில் இல்லாத நேரங்களில் பூனைதான் தூது. "பூனை, மாப்பிள்ளை குடை எடுக்காமப் போறாரு பாரு." நானும் பூனைக்கே நன்றி சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொள்வேன்.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்த வருடம் அது. ஊரெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்த சமயத்தில், எதிர்பார்த்ததற்கு முன்பே கமலாவுக்கு வலி எடுத்து மகன் பிறந்துவிட்டான். சின்னக் குழந்தை, சில நாள் இங்கேயே இருக்கட்டும் என்று மேட்டு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பத்தியச் சாப்பாடு உங்கள் கையால்தான் போக வேண்டும் என்பதில் நீங்கள் பிடிவாதம். பஸ்ஸிலோ கால் வைக்க இடமில்லை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். மீதி இருந்தது என் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றுதான்.

மலாய்க்காரர்கள் டயரின் வெட்டுகளைப் பூ என்பார்கள். என் வண்டியின் இரண்டு டயரிலும் பூ முழுக்கத் தேய்ந்து வழுக்கையாகியிருந்தது. அது தெரிந்தும் வேறு வழியில்லாமல் கிளம்பினோம். நீங்கள் பக்கவாட்டில் உட்கார்ந்து, மடியில் சாப்பாடு நிரப்பிய அடுக்குச் சட்டியை வைத்துக்கொண்டு, என் மேல் கை படாமல் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டீர்கள்.

ஆஸ்பத்திரி மேட்டுக்குத் திரும்பும் வளைவில் மழை பிடித்தது. மெதுவாகத்தான் திருப்பினேன். பின் சக்கரம் தனக்கென்று ஒரு வழி பார்த்துப் போனது. வண்டி சாய்ந்து, நாம் இருவரும் ரோட்டோரப் புல்லில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு உயிரே இல்லை. உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் மேலே படுத்திருப்பவளிடம் என்ன சொல்வேன்? திரும்பிப் பார்த்தேன். அடுக்குச் சட்டியை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்தபடி, வேலியோரம் நனைந்துகொண்டிருந்த ஓர் ஆட்டைப் பார்த்து, "மாப்பிள்ளைக்கு எங்கயாச்சும் அடி பட்டிருக்கான்னு கேளு" என்றீர்கள்.

அந்த ஆடு நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி புல்லைத் தின்றது. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டீர்கள். ரசம் மட்டும் கொட்டிப் போயிருந்தது. மற்றதைக் கமலா சாப்பிட்டாள். விழுந்த சேதியை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் டயர் கடைக்கு நான் கிளம்பியபோது நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றீர்கள். நான் வண்டியை உருட்டிக்கொண்டு வர, நீங்கள் பத்தடி பின்னால் நடந்து வந்தீர்கள்.

கடை முதலாளியான சீனத் தவுக்கே மூன்று வகை காட்டினார். பழைய டயருக்குப் புது ரப்பர் ஏற்றியது ஒன்று, எல்லாவற்றிலும் மலிவு. இன்னொன்று கெட்டி ரப்பர். பல வருடம் உழைக்கும், ஆனால் ஈரத்தில் அவ்வளவாகப் பிடிக்காது. மூன்றாவது மெத்தென்ற ரப்பர். மழையிலும் ரோட்டைக் கவ்வும், சீக்கிரம் தேயும், விலையும் அதிகம். பிள்ளை பிறந்திருக்கிறது, செலவு வரிசையாக நிற்கிறது. கெட்டியில் இரண்டு எடுத்துவிட்டால் பல வருடத்துக்குக் கவலையில்லை என்று நினைத்து, "இதையே ரெண்டு குடுங்க" என்றேன்.

உங்களுக்குப் பொறுக்கவில்லை. தவுக்கேயிடம் மலாயில், "மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள், மழைக்கு இது ஆகாது" என்றீர்கள். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, என் பக்கம் திரும்பி, அதே மலாயில் அதே வார்த்தைகளை எனக்குச் சொன்னார். "ரொம்ப நாள் உழைக்குமே என்று சொல்லுங்கள்" என்றேன். அதையும் உங்களிடம் ஒப்பித்தார். நாலைந்து முறை இப்படி அங்குமிங்கும் கழுத்தைத் திருப்பியபின் டயரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆச்சி, அவர் இங்கேதான் நிற்கிறார். நீங்கள் சொல்வது அவருக்குக் கேட்கிறது. எனக்குக் கழுத்து வலிக்கிறது."

கடையில் கமலா இல்லை. பூனை இல்லை, ஆடும் இல்லை. நீங்கள் தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"மாப்பிள்ளை, பின்னாடி உக்கார்றது நானு. நாளைக்குக் கமலாவும் புள்ளையும் உக்காரணும். நாள்பட உழைக்கட்டும், வேணாங்கல. ஆனா மழையில நிக்கணும். நிக்காத டயரு எத்தன வருசம் இருந்து என்னா?"

"சரிங்க அத்தை" என்றேன். நான் உங்களிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தையும் அதுதான்.

தவுக்கே உற்சாகமாகிவிட்டார். பளுவைச் சுமந்து வண்டியைத் தள்ளுவது பின் சக்கரம், அதனால் அதுதான் முதலில் தேயும். கெட்டி டயரை அங்கே போடு. திருப்புவதும் நிறுத்துவதும் முன் சக்கரம். மெத்தென்றதை அங்கே போடு. இரண்டும் விலை உயர்ந்ததாக வாங்க வேண்டியதில்லை என்றார்.

நீங்கள் விடவில்லை. "நேத்து வழுக்குனது பின் சக்கரந்தான? அதுல போயி கெட்டி டயரப் போடச் சொல்றாரே, கேளுங்க மாப்பிள்ளை."

கேட்டேன். அவர் என் பழைய டயரைக் கையால் தட்டிப் பார்த்துச் சிரித்தார். பூவும் இல்லை, காற்றும் கல் மாதிரி அடித்திருக்கிறது. அப்படி அடித்தால் நடுப்பகுதி மட்டும்தான் ரோட்டைத் தொடும், அதுவே தேயும், வழுக்கும். பூ ஆழமாக இருந்து காற்றும் அளவாக இருந்தால் கெட்டி டயரும் பிடிக்கும் என்று விளக்கினார். பிறகு வாசலில் தொங்கிய ஒன்றை இறக்கி, இதைக் குறைத்துத் தருகிறேன் என்றார். நீங்கள் அதை வளைத்துப் பார்த்தீர்கள். பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. "வெயில்ல காஞ்சது. உள்ளார இருக்கறத எடுக்கச் சொல்லுங்க." உள்ளே இருந்ததை அதே குறைத்த விலைக்கே தந்தார். அவருடைய கழுத்து தப்பித்த சந்தோஷம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

அன்று மாலையும் மழை. அதே வளைவு. வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டு அடக்கமாகத் திரும்பி மேட்டில் ஏறியது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே போனதும், "மாப்பிள்ளை, இந்தச் சட்டியக் கொஞ்சம் புடிங்க" என்றீர்கள். கமலா உங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்மா, யாருகிட்ட பேசுற?" என்றாள். "மாப்பிள்ளகிட்டதான். வேற யாரு இருக்கா இங்க?" அவள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் மிஸ்ஸி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மகன் விழித்துக்கொண்டு அழுதான்.

அதன் பிறகு உங்கள் பேச்சை யார் நிறுத்தினார்கள்? புக்கிட் ரம்பாயில் உங்கள் தங்கை வீட்டுக்கு, பத்து பெரெண்டாமில் விமானம் இறங்குவதைப் பார்க்க என்று என் பின்னால் உட்கார்ந்துகொண்டு, போகும் வழியெல்லாம் பேசினீர்கள். என் சம்பளம், என் சட்டை, நான் ஓட்டும் விதம் எதுவும் தப்பவில்லை. மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அந்தப் பின் டயர் ஓடிக்கொண்டிருந்தது. முன் டயரை இடையில் மாற்றினோம். அதற்கும் நீங்கள் கூட வந்தீர்கள்.

நீங்கள் காலமாகிப் போன பிறகு வீடு கொஞ்ச நாள் ரொம்ப அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை, அத்தை.

போன மாதம் மகனுக்குக் கல்யாணம் ஆயிற்று. மருமகள் வந்த மறுநாள் காலை, கமலா எழுவதற்கு முன் நான் தேநீர் போட்டு மருமகளிடம் நீட்டினேன். பதறிப்போய் எழுந்து நின்றாள். "உக்காரும்மா. பசியாறலாம். தேத்தண்ணி எப்படி இருக்குன்னு நேராச் சொல்லணும்" என்றேன். ஒரு வாய் குடித்தாள். தயங்கினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"சீனி ஜாஸ்தி, மாமா. நாளைக்கு நான் போடுறேன்."