வேலிக்குள் வந்த துப்பாக்கி

ஆல்டர் கிரீக்,
மான் வேட்டை தொடங்கிய வாரம்.

அன்புத் தங்கை வெர்னாவுக்கு,

அக்கா ஓர்ஃபா எழுதுவது. நான் சுகம். முழங்கால்தான் பனி விழுமுன்னே எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது. உன் வீட்டுக்காரர் கார்லுக்கு இருமல் தேவலையா?

என் வீட்டுக்கு எதிரே பள்ளிக்கூடம் வந்தது உனக்குத் தெரியும். அதைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் வண்டியில் துப்பாக்கி போனால் குண்டை எடுத்துவிட்டுப் பெட்டியில் பூட்டியிருக்க வேண்டும். என் வேலிக்குள் அந்தச் சட்டம் கிடையாது. அது என் இடம்.

லைல் ஹாஃப்ஸ்டாடை நீ மறந்திருக்க மாட்டாய். பிஸ்கட் என்ற என் நாயை நரி என்று நினைத்துச் சுட்டவன். மழை விட்ட செவ்வாய்க்கிழமை, நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க வந்தவன் தலையிலிருந்த தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. இப்போது மகளைப் பறிகொடுத்துவிட்டுப் பேத்தி ஜோசியை வளர்க்கிறான். பிள்ளையை அவனிடமே விடுவதா என்று நீதிபதி இன்னும் சொல்லவில்லை. அவன் மேல் ஒரு வழக்கு விழுந்தால் போதும், பிள்ளை கைவிட்டுப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை பள்ளி அரை நாள். அது திடீரென்று நினைவு வந்து, வேட்டையிலிருந்து அப்படியே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். பின் கண்ணாடிக் கொக்கியில் துப்பாக்கி தொங்குகிறது. பள்ளி வாசலில் புதுப் போலீஸ்காரன், டெபுடி, ஒவ்வொரு வண்டியாக எட்டிப் பார்க்கிறான். பனி வாரிக்கொண்டிருந்த நான், பனி வாரும் மண்வெட்டியோடு நடு ரோட்டில் போய் நின்றேன்.

"யோவ், வண்டிய என் வாசலுக்குள்ள திருப்பு."

"பிள்ளையக் கூப்பிடப் போறேன் ஓர்ஃபா. வழிய விடு."

"பின்னாடி திரும்பிப் பாருய்யா, கெழட்டு மனுசா."

பார்த்தான். உடனே வண்டியை உள்ளே திருப்பினான். நடந்து போய்ப் பிள்ளையைக் கூட்டி வந்தான்.

டெபுடிப் பையன் வேலி வரைக்கும் வந்து வண்டியை முறைத்தான். "இது என் எடம், தம்பி. ஆப்பிள் பைப் பலகாரம் சூடா இருக்கு, திங்கிறதுன்னா உள்ள வா" என்றேன். தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டான்.

லைல் என் சமையலறைக்குள் வந்தபோது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். நாயைப் பற்றி ஏதோ ஆரம்பித்தான். அதைப் பேசினால் வண்டியை ரோட்டுக்கு எடு என்றேன். ஜோசி இரண்டாவது துண்டு பை கேட்டாள். கொடுத்தேன்.

பூட்டுப் பெட்டி இல்லாததால் துப்பாக்கியை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். பிஸ்கட்டைச் சுட்ட அதே துப்பாக்கிதான் வெர்னா. அதன் கட்டையில் அந்தப் பழைய வெட்டு அப்படியே இருக்கிறது. ஒரு ராத்திரி என் கோட்டுகளுக்கு நடுவே நின்றது. நான் நன்றாகத் தூங்கினேன். மறுநாள் பெட்டியோடு வந்து எடுத்துப் போனான். ஒரு மான் தொடை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நான் ஒருத்தி எத்தனை நாள் தின்பேன்?

நன்றித் திருநாளுக்கு வந்துவிடு. அம்மாவை அடக்கம் செய்த அன்று கார்ல் என்னைப் பார்த்துச் சொன்னது ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. இருக்கட்டும். அவரையும் கூட்டி வா. வாசலில் தொப்பி மாட்ட இன்னோர் ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

கடவுள் உங்கள் இருவரையும் நல்லபடி கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அக்கா,
ஓர்ஃபா