கணவாய்க்குப் போகாத கல்

நைனா,

இன்று காலை தம்பி ஒரு படம் அனுப்பியிருந்தான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பஸ் நின்றுகொண்டிருந்தது. முன்னால் கன்டெய்னர் லாரி, பின்னாலும் கன்டெய்னர் லாரி. எனக்கு உட்கார இடமில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனைத் திறந்தேன். பெரு நாட்டு மலைக் கணவாயில் ஒரு கற்குவியல், அதன்மேல் தம்பியின் கை, கைக்கு அடியில் கறுப்பாக ஒரு கல். கீழே எழுதியிருந்தான்: "கண்டுபுட்சிட்டேன்க்கா. நைனா கல்லு. அப்டியே கீது."

போனைப் பைக்குள் போட்டேன். அது போய் உன் கல்லின் மேல் விழுந்து டக்கென்றது.

ஆமாம் நைனா, உன் கல் என் பையில்தான் இருக்கிறது. டிபன் டப்பாவுக்கும் குடைக்கும் நடுவில். கணவாயில் வைத்துவிட்டேன் என்று உன்னிடம் நான் சொன்னது பொய். நீ போய் இந்த மாதத்தோடு ஒரு வருஷம். உன் திதிக்கு இங்கே வர லீவு கிடைக்காததால் தம்பி அந்த மலைக்குப் போயிருக்கிறான், உனக்காக நான் வைத்ததாக அவன் நினைக்கும் கல்லைத் தொட்டுப் பார்க்க. இதற்கு மேலும் உன்னிடம் சொல்லாமல் இருக்க எனக்குத் தெம்பில்லை. சொல்லவும் தெம்பில்லை. எழுதுகிறேன்.

பெருவில் வேலை கிடைத்துப் போனதிலிருந்து தம்பி நம்மைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "சொம்மா பஸ்ல குந்திகினு வேடிக்க பாக்குற டூர் இல்லக்கா. நடக்கணும். ஏறணும். பழைய கோட்ட, இடிஞ்ச ஊரு, அந்த சனங்களோட வூடு, எல்லாத்தையும் காலால பாக்கணும்." எனக்கு லீவு என்றால் படுப்பது. நாளெல்லாம் கன்டெய்னர் யார்டு ஜன்னலில் உட்கார்ந்து லாரிகளுக்கு கேட் பாஸ் அடிப்பவள் நான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டிரைவர்கள் கத்துவதைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் குக்கர் விசில் அடித்தாலே எரிச்சல் வரும். என் மகள் மதி மட்டும் குதித்தாள். நீ வரமாட்டாய் என்று நினைத்தேன். நீதான் முதலில் சரி என்றாய்.

காரணம் எனக்குத் தெரியும். தம்பியின் எந்த நல்லதுக்கும் நீ முழுதாக வந்து சேர்ந்ததில்லை. பள்ளியில் அவன் பரிசு வாங்கிய அன்று உனக்குத் துறைமுகத்தில் கரி இறக்கும் ஷிப்ட். பட்டம் வாங்கிய அன்று சென்ட்ரல் வரை வந்தாய். கரிக் கப்பல் வந்துவிட்டது என்று போன் வர, இஸ்திரி போட்ட சட்டையோடு யார்டுக்குத் திரும்பினாய். அவன் விமானம் ஏறிய அன்றும் அப்படித்தான், பாதி வழி. அவன் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லிக்காட்டுவான். நீயும் சிரிப்பாய். "இந்த ஒரு தபா முழுசா போய்ட்டு வந்துர்றேன் பாப்பா" என்று என்னிடம் தனியாகச் சொன்னாய்.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது இருமல் நிற்கவில்லை என்று உன்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எத்தனை வருஷம் கரி வேலை என்று கேட்டார். முப்பதுக்கு மேல் என்றாய், ஏதோ பரிசு வாங்குகிறவன் மாதிரி நிமிர்ந்து. அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். நுரையீரல் பாதிக்கு மேல் போய்விட்டது, மலைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்றார்.

வெளியே டீக்கடையில் நீ டீயை ஊதிக்கொண்டே சொன்னாய்: "தம்பிகிட்ட வாய தொறக்காத. சொன்னா டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுவான். அப்பறம் இதுக்கும் நைனா வர்லன்னு ஆய்டும்."

"மூச்சு முட்டிச்சின்னா இன்னா பண்ணுவ?"

"முட்டினா குந்திக்கினு போறேன். மல இன்னா ஓடியா பூடும்?"

நான் தலையாட்டினேன். உன்னோடு மல்லுக்கட்டுவதைவிடத் தலையாட்டுவது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான். அதை அன்பு என்று இப்போது சொல்லிக்கொள்ள எனக்கு மனமில்லை.

கல் வந்த கதை உனக்கு நினைவிருக்கும். தம்பி போனில் அந்த ஊர் வழக்கத்தைச் சொன்னான். மலை ஏறுகிறவர்கள் கீழேயிருந்து ஒரு கல்லை எடுத்துப்போய்க் கணவாயில் வைப்பார்களாம். களைப்பும் மனக்கஷ்டமும் கல்லோடு அங்கேயே நின்றுவிடுமாம். மறுநாள் காலை நீ கடற்கரைக்குப் போய், அலைத்தடுப்புக்குக் கொட்டியிருக்கும் கருங்கல்லில் உடைந்த ஒரு துண்டைப் பொறுக்கி வந்தாய். கைக்கு அடங்கும், ஆனால் கனம். பெட்டி கட்டும்போது உன் பனியன்களுக்கு நடுவே அதைக் கண்டுபிடித்தேன்.

"இன்னா நைனா இது?"

"கல்லு."

"அங்க மலைல கல்லு இல்லியா? மல அடிவாரத்துல எட்துக்கலாம்."

"கீழேருந்துன்னு தம்பி சொன்னானா இல்லியா? நம்மள வுட கீழ எவன் கீறான்? கடலுக்கு மேல ஒரு முழம்கூட இல்ல நம்ம வூடு."

விமான நிலையத்தில் சோதனை செய்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேண்டுதல் சார்" என்றாய். அவர் அதைப் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டார்.

குஸ்கோ நகரத்தில் இறங்கியதுமே எனக்கு மண்டை இடித்தது. மதி வாந்தி எடுத்தாள். நீ மட்டும் சுவரோரமாக நின்று ஏதோ சிற்பம் பார்க்கிறவன் போல நடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாய். தம்பி விசிலும் ஊன்றுகோலுமாக முன்னால் போய்க்கொண்டே இருந்தான். காலையில் ஒரு கோட்டை, மதியம் ஒரு படிக்கட்டு வயல், சாயங்காலம் சந்தை. அந்த நடையெல்லாம் எனக்கு இப்போது கால்வலியாகத்தான் நினைவிருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் நீ நின்ற விதம் மறக்கவில்லை.

ஒன்று, அந்தக் கல்மதில். சுண்ணாம்பு பூசாமலே கத்தி நுழையாதபடி அடுக்கியிருந்தார்கள். நமக்கு வழிகாட்டிய ஹுஸ்தீனா, தொப்பியும் இரட்டைச் சடையுமாக, உன் வயதை ஒட்டியவள், ஸ்பானிய மொழியில் விளக்க, தம்பி தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான். நீ அதைக் கேட்கவே இல்லை. குனிந்து கல்லின் அடியில் துருத்திக்கொண்டிருந்த குமிழ்களைத் தடவினாய். "டேய், இத்த பாரு. கயிறு மாட்ற எடம். வேல முட்ஞ்சதும் செதுக்கி எடுக்கணும், வுட்டுட்டானுங்க. ஷிப்ட் முட்ஞ்சிருக்கும்." தம்பி அதைச் சொன்னதும் ஹுஸ்தீனா உன்னைப் புதிதாகப் பார்த்தாள். படித்தவர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்றாள். தம்பியின் முகத்தில் அன்று ஒரு பெருமை. நீ அதைப் பார்த்தாயா என்று தெரியவில்லை.

இன்னொன்று, அவள் வீட்டில். மக்காச்சோளத்தில் வடித்த சிச்சா என்ற கள்ளை மண்குவளையில் ஊற்றிக் கொடுத்தாள். நீ யோசிக்காமல் விரலை முக்கி ஒரு சொட்டைத் தரையில் தெறித்துவிட்டுத்தான் வாயில் வைத்தாய். அவள் கைதட்டிவிட்டாள். அவர்களும் மண்தாய்க்கு முதல் சொட்டைக் கொடுத்துவிட்டுத்தான் குடிப்பார்களாம். எங்கே கற்றுக்கொண்டார் என்று கேட்டாள். "எங்க பேட்டைல பொறந்த கொய்ந்தைக்கே தெரியும்னு சொல்லுடா" என்றாய் தம்பியிடம். அம்மா போனதிலிருந்து தொடவே இல்லை என்று நீ செய்த சத்தியமெல்லாம் அந்த ஒரு சொட்டில் வெளுத்துப் போயிற்று. நான் முறைத்தேன். நீ இரண்டாவது குவளைக்கு நீட்டினாய்.

கடைசி நாள்தான் கணவாய். அடிவாரத்தில் ஹுஸ்தீனா எங்களுக்குக் கல் பொறுக்கிக் கொடுத்தாள். நீ பையிலிருந்து உன்னுடையதை எடுத்தாய். கடலிலிருந்து யாரும் இதுவரை கொண்டுவந்ததில்லை என்று அதை நெற்றியில் ஒற்றித் திருப்பித் தந்தாள். ஒரு மணி நேரம் நடந்தாய். பழைய படிக்கட்டு வயல் தாண்டும் இடத்தில், இடிந்த சுவரோரம், உட்கார்ந்துவிட்டாய். உதடு நீலமாக இருந்தது. நான் பார்த்தேன்.

"நீங்க போய்ட்டு வாங்க. எனக்கு இங்கயே சோக்கா கீது" என்றாய்.

தம்பி திரும்பி வந்தான். கோவேறு கழுதை கொண்டுவரச் சொல்லவா என்றான். நீ மாட்டேன் என்றாய். அவன் முகம் சிறுபிள்ளை முகமாக மாறியது.

"வழக்கம் போலதான் நைனா. பாதி வழி. இங்கியும் கப்பல் வந்துச்சா?"

நீ சிரித்தாய். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். உனக்குக் கொடுத்த வாக்கு என்று நின்றேன். அவன் மதியை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறிப் போனான். நீ கல்லை என் கையில் வைத்தாய். "என்னுத நீ வெச்சிடு பாப்பா." ஹுஸ்தீனா உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் ஏறினேன். இரண்டு கல்லையும் பையில் போட்டுக்கொண்டு, உன்மேல் கோபம், அவன்மேல் கோபம், எனக்குத் தலைவலி. கணவாய் கண்ணுக்குத் தெரிந்தது. கற்குவியலும் தெரிந்தது. நூறு நூற்றிருபது அடிதான் இருக்கும். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை நைனா. முடியவில்லை. இந்தக் குடும்பத்தில் எல்லாரையும் எல்லாருக்கும் தெரியாமல் நான்தான் சுமக்க வேண்டுமா என்று இருந்தது. எவ்வளவு நேரம் அழுதேனோ, அவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள்.

"நீயும் பாதியா?" என்றான் தம்பி.

"போய்ட்டுதான் வந்தேன். நீங்க அந்தப் பக்கம் போட்டோ புட்ச்சிகினு இருந்தீங்க. நைனா கல்லையும் வெச்சிட்டேன்."

அவன் முகம் தெளிந்தது. அதைப் பார்த்த பிறகு எப்படி மாற்றிச் சொல்வது? கீழே வந்ததும் நீ எழுந்து நின்றாய். "வெச்சிட்டியா?" "வெச்சிட்டேன்." "எங்க?" "ஒரு வெள்ளக் கல்லு பக்கத்துல. அதுல செகப்பு நூல் கட்டிகீது." வெள்ளைக் கல் எங்கிருந்து வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது. என் பங்குக் கல்லை இறங்கும் வழியில் வீசிவிட்டேன். உன்னுடையதை வீச முடியவில்லை.

ஊருக்கு வந்து எட்டு மாதம் இருந்தாய். டீக்கடையில், பழைய யார்டு தோஸ்துகளிடம், மீன் வாங்கும் இடத்தில், எல்லாரிடமும் சொன்னாய்: "நம்ம ராயபுரத்துக் கல்லு ஒண்ணு அங்க ஒசரத்துல குந்திகினு கீது." கடைசியில் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நர்ஸிடமும் சொன்னாய். அவள் மாஸ்க்கைத் திரும்ப வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். உன் கட்டிலோரம், என் காலடியில், அந்தக் கல்லோடு பை இருந்தது. மலைக்குப் போனதால்தான் சீக்கிரம் போனாயா என்று டாக்டரைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

காலையில் யார்டு வாசலில் இறங்கியதும் தம்பிக்கு போன் செய்தேன். அங்கே அவன் படுக்கப் போகும் நேரம்.

"பாத்தியாக்கா? எல்லாமே சாம்பக் கல்லு, இது ஒண்ணுதான் கறுப்பு. நீ சொன்ன வெள்ளக் கல்லும் கீது. செகப்பு நூலுதான் காத்துல பூட்ச்சி போல."

"உம்" என்றேன்.

"ஒண்ணுதான்க்கா மனசுல ஆற மாட்டேங்குது. கல்லு வந்துச்சி. அவுரு வர்ல."

லாரிக்காரன் ஒருவன் ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கத்தினான். நான் திரும்பி நின்றுகொண்டு, டாக்டர் சொன்னதைத் தம்பியிடம் சொன்னேன். உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன் நைனா. நுரையீரல், முப்பது வருஷக் கரி, டீக்கடை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"எப்போ சொன்னாரு டாக்டரு?"

"கெளம்ப ரெண்டு வாரம் இருக்க சொல்லோ."

"தெரிஞ்சேவா வந்தாரு?"

"தெரிஞ்சேதான்டா."

"அந்த மூச்ச வெச்சிகினா அந்தச் செவுரு வரிக்கும் நடந்தாரு? ஒரு மணி நேரம்?"

"நடந்தாரு."

குரல் உடைந்து சொன்னான்: "அது பாதி வழி இல்லக்கா."

கல் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவன் அழுதுகொண்டிருந்தான். சொல்லவில்லை. அங்கே இருக்கும் கறுப்புக் கல் யாருடையதோ, யார் சுமந்து வந்ததோ. அது உன்னுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்த முறை அவன் அந்தச் சுவரோரமும் நின்று உன்னை நினைப்பான், அது போதும். உன் கல்லைக் கடற்கரையில் எடுத்த இடத்திலேயே போட்டுவிடலாம் என்று இரண்டு முறை போனேன். நீ ஊரெல்லாம் சொல்லிவைத்த பிறகு அது அங்கே கிடக்கக் கூடாது என்று திரும்பிவிட்டேன். பொய்யை நான் சொன்னேன். கல்லும் என்னிடமே இருக்கட்டும்.

சாயங்காலம் திரும்பும்போதும் பஸ்ஸில் கூட்டம். டோல்கேட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள். "பைய குடு கண்ணு, வெச்சிக்கிறேன்." கொடுத்தேன். மடியில் வாங்கியவள் முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாமே இது, கல்லாட்டம் கனக்குது?"

"கல்லுதான்" என்றேன். "எங்க நைனாவோடது."

அவள் இரண்டு கையாலும் பையை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். கல்மண்டபம் வரைக்கும் அது அவள் மடியில்தான் இருந்தது. இறங்கும்போது கேட்டு வாங்கிக்கொண்டேன்.