செவ்வாயில் அயிரைக் குழம்பு

நாள் 611. காலை 07:20

கீழ்க்குளத்தின் நீர் வெப்பம் சரி. ஆக்சிஜன் சரி. நீலப்பச்சைப் பாசி வழக்கத்தைவிட அடர்த்தி. ஜிலேபி மீன் சதையில் பாசி நஞ்சுச் சோதனை: எல்லைக்குள். பதிவு செய்பவர் தவமணி, நீருயிரியலாளர், இந்த நிலையத்தின் ஒரே ஆள்.

யார் படிக்கப் போகிறீர்களோ தெரியாது, அதனால் ஒரு வார்த்தை. இது செவ்வாயின் பனிக்கு அடியில் வெட்டிய குளம். பாசி மூச்சுக்காற்று தருகிறது, மீன் சோறு போடுகிறது. பேச்சுத் துணைக்கு இரண்டும் லாயக்கில்லை.

நாள் 614. மாலை 17:40

"பொருநை" கப்பல் சுற்றுப்பாதைக்கு வந்துவிட்டது. எட்டுப் பேர். ஓட்டுகிறவன் என் தம்பி சோணைமுத்து. புழுதிப்புயல் கிளம்பியிருப்பதால் உடனே இறங்க முடியாது. திரும்பிப் போவதற்கான உணவு முத்திரையிட்டுத் தனியாக இருக்கிறது, அதைத் தொடக் கூடாது; மற்ற கையிருப்பு குறைவு. நிலையத்தில் இருந்த ஒரே சிறு ராக்கெட்டில் பொட்டலங்கள் அனுப்பிவிட்டேன்.

விதிப்படி குடல் நீக்கிய ஜிலேபித் துண்டுதான் அனுப்ப வேண்டும். தம்பி கேட்டது வேறு.

"அக்கா, ஜிலேபிய நீயே வச்சுக்க. அயிர விட்டு வளக்கிறீல்ல? நம்ம வீட்டுல வக்கிற மாதிரி வச்சு அனுப்பு."

மூன்று ஆண்டாக முகம் பார்க்காத தம்பி. விதியாவது ஒன்றாவது என்று அயிரையை அள்ளினேன். விரல் நீளம்கூட இராது, குடல் எடுக்க வழியில்லை. மதுரைப் பக்கம் அதை உயிரோடு பாலில் விடுவோம். வயிற்று மண்ணைக் கக்கிவிடும், பிறகு முழுசாகக் குழம்பில் போடுவோம். பால்பொடி கரைத்து விட்டேன். நன்றாகத் துள்ளின. புளி கரைத்து, சுண்ட வைத்து, உறையவைத்துக் கட்டினேன். எனக்கும் ஒரு சட்டி வைத்துக்கொண்டேன். முதல் வாயில் கண் கலங்கியது. காரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் 617. காலை 08:05

புயல் அனுப்பு ஆண்டெனாவை முறித்துவிட்டது. மாற்றுப் பாகம் கப்பலில் வருகிறது. வாங்கும் ஆண்டெனா பிழைத்தது. ஆக, இனி நான் கேட்கலாம், பேச முடியாது. என் ஓயாத வாயைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

பாறைக்குள் புதைத்த இறங்குதளச் சமிக்ஞை மட்டும் ஓடுகிறது. நிலையம் நலம் என்று டிக், டிக் என்று மேலே சொல்லிக்கொண்டே இருக்கும்.

"அக்கா, ஒன் கொரல் வரல. டிக் டிக் வருது. அது போதும் எனக்கு. கொழம்பு அப்பிடியே வீட்டு ருசி. எல்லாரும் வழிச்சு நக்கிட்டாய்ங்க."

இதை நான்கு முறை ஓட்டிக் கேட்டேன்.

நாள் 620. காலை 09:30

இரண்டு நாளாக வாந்தி. வலது விலாவுக்கு அடியில் வலி. கண்ணாடியில் பார்த்தால் கண் மஞ்சள். பழைய குழம்பைத்தான் சூடுபண்ணிச் சாப்பிட்டு வருகிறேன், வேறு எதுவும் உள்ளே போகவில்லை.

"அக்கா, இங்க மூணு பேருக்கு வாந்தி. சுத்துப்பாத ஒத்துக்கலன்னு டாக்டர் பெனடிக்டா சொல்றாங்க. நல்ல வேள, ஒன் கொழம்பு இருக்கு. முடியாதவுகளுக்கு அதத்தான் ரெண்டு கரண்டி கூட ஊத்துறோம்."

அயிரையைச் சோதிக்கப் போகிறேன்.

நாள் 620. பகல் 12:15

அயிரையை முழுசாக அரைத்துச் சோதித்தேன். எல்லையைத் தாண்டி, கருவி அளக்க முடியாத உயரம். ஜிலேபியின் சதை சுத்தம். அதன் ஈரலை அறுத்துச் சோதித்தால் அதுவும் நஞ்சு. இத்தனை நாள் நான் சதையை மட்டும்தான் பார்த்தேன், விதியில் அதுதான் இருந்தது. அயிரைக்கு விதி எழுத யாருக்கும் தோன்றவில்லை. அடிமண்ணில் பாசி தின்று வளர்ந்தது. பாலில் குடல்தான் காலியாகும், ஈரல் அங்கேயேதான் இருக்கும்.

குழம்பையும் சோதித்தேன். கொதித்தது, சுண்டியது, மறுபடி கொதித்தது. குறையவே இல்லை. இது கிருமி இல்லை, சாவதற்கு.

படித்தவள்தான் நான். தம்பி கேட்டான் என்றதும் படிப்பு எங்கே போயிற்றோ.

நாள் 621. மாலை 16:50

"அக்கா, டாக்டரும் படுத்துட்டாங்க. ரெண்டு பேருக்குக் கண்ணு மஞ்சளா இருக்கு. இன்னும் பத்துப் பொட்டலம் இருக்கு, சமாளிச்சிருவோம். வந்து எறங்கிட்டா நீ பாத்துக்குவ."

ஒலிவாங்கியைப் பிடித்துக் கத்தினேன். தின்னாதடா, தின்னாதடா. அது செத்த கருவி என்று தெரிந்தேதான் கத்தினேன்.

ஒரே ஒரு வழி இருக்கிறது. சமிக்ஞை நின்றால் கப்பலுக்கு ஒரே பொருள்: நிலையம் நஞ்சாகிவிட்டது, ஆள் இல்லை. அங்கிருந்து வந்த எதையும் வாயில் வைக்காதே, இறங்காதே, திரும்பிப் போ. விட்டு விட்டு அணைத்து, தந்தி மாதிரிச் செய்தி சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். முடியாது. ஒருமுறை அணைத்தால் உள்ளே உருகிப்போகும். செத்த நிலையம் தவறிக்கூட ஆளைக் கூப்பிடக் கூடாது என்று அப்படிச் செய்தார்கள்.

அடுத்த கப்பல் கிளம்பவே இரண்டு ஆண்டு ஆகும். எனக்குப் பயமாக இருக்கிறது. சாவுக்குக்கூட இல்லை. மறுபடி யாருமில்லாமல் இருப்பதற்கு.

நாள் 621. மாலை 17:10

அணைத்துவிட்டேன்.

நாள் 624

நேரம் பார்க்கவில்லை.

"அக்கா... டிக் டிக் நின்னுருச்சு. எறங்கிப் பாக்கணும்னு சண்ட போட்டேன். இங்க எட்டு உசுரு இருக்குன்னு டாக்டர் அழுதுக்கிட்டே சொன்னாங்க. நெலையத்துச் சாப்பாட்ட எல்லாம் வெளிய தள்ளிட்டோம். ஒரு பொட்டலம் மட்டும் ஒளிச்சு வச்சிருந்தேன், ஒன் கையால வச்சதாச்சேன்னு. அதயும் புடுங்கிட்டாங்க. ரெண்டு நாளா யாருக்கும் வாந்தி இல்லக்கா. இங்க குளிக்கத் தண்ணி கெடயாது. ஈரத் துண்டத் தலையில போட்டு ஒனக்கு முழுகிட்டேன். கெளம்புறோம்."

இருக்கிறேன்டா என்றேன். ஒலிவாங்கியில் இல்லை, சும்மா, அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல.

வாந்தி இல்லையாம். யாருக்கும் இல்லையாம்.

வாங்கும் ஆண்டெனாவில் இப்போது இரைச்சல் மட்டும். கீழ்க்குளத்துக்குப் போனேன். காலடி கேட்டதும் அயிரைகள் இரைக்காகக் கரையோரம் கூடின. போட்டேன். அவையாவது சாப்பிடட்டும்.

நீர் வெப்பம் சரி. ஆக்சிஜன் சரி. பாசி அடர்த்தி. பதிவு செய்பவர்