குழாய் மூச்சிழுத்த மதியம்

இன்று காலை அலுவலகத்தில் உன் அளவு நாடாப் பெட்டியைத் திறந்தேன். ஈரக் களிமண் வாடை அடித்தது. நீ போய் ஒரு வருடம் ஆகிறது. பெட்டி இன்னும் காயவில்லை.

நியூ டவுன் அடுக்ககத்துக்கு நாம் போன அந்த வெயில்கால மதியம். மூன்றாவது ஆழ்துளைக் கிணற்றுக்கு அனுமதி கேட்டிருந்தார்கள். நிலத்தடி நீரை அளந்து சொல்வது நம் வேலை. வாசலில் காவலாளி வங்காள மொழியில் அக்கா என்று கூப்பிட்டு உன்னை நிறுத்தினார்.

"தீதி, பின்பக்கம் ஒரு குழாய் அழுகிறது. வேலைக்கு வரும் பெண்கள் அந்த வழியே போவதில்லை."

கட்டடங்கள் வருமுன் அங்கே ஏரி இருந்ததாம். அவர் மீன் பிடித்த ஏரி.

நீர்மட்டம் பார்க்க எப்போதோ இறக்கிய குழாய் அது, மூடி இல்லை. கிட்டப் போனதும் எனக்கும் கேட்டது, தொண்டை அடைத்தவர் முனகுவது போல. நீ நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அதன் வாயில் வைத்தாய். தாள் குழிந்து உள்ளே போய்விட்டது.

குடியிருப்புச் செயலாளரிடம் மோட்டார்களை நிறுத்தச் சொன்னாய். கொஞ்ச நேரத்தில் முனகல் அடங்கியது. மறுபடி போடச் சொன்னாய். மறுபடி கேட்டது.

"தண்ணீர் இறங்க இறங்கக் குழாய் காற்றை இழுக்கிறது," என்றாய்.

"அப்படியானால் மூடிவிடலாமே," என்றார் செயலாளர். " குழந்தைகள் பயப்படுகிறார்கள். இந்த ஊரில் மழைக்கா பஞ்சம்?"

"இங்கே பெய்வது கால்வாயில் ஓடிக் கடலுக்குப் போகிறது. இந்தக் களிமண்ணைத் தாண்டிக் கீழே இறங்காது. நீங்கள் குடிப்பது, நாமெல்லாம் பிறப்பதற்கு முன்னால் எங்கோ பெய்த மழை."

கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவர் மெதுவாக மூடினார்.

அனுமதி கூடாது என்று எழுதினாய். மேலதிகாரிகள் கொடுத்துவிட்டார்கள். குழாய்க்கும் இரும்பு மூடி போட்டார்கள். அந்தச் செய்தி வந்தபோது நீ மருத்துவமனையில் இருந்தாய். நான் சொல்லவில்லை. மன்னித்துவிடு.

அதே அடுக்ககத்தார் இப்போது நான்காவது கிணறு கேட்கிறார்கள். இன்று மதியம் தனியாகப் போனேன். மூடியைக் கழற்றச் சொன்னேன். உள்ளே அது மூச்சிழுத்துக்கொண்டுதான் இருந்தது. இறக்கிய நாடா நம் பழைய அளவைத் தாண்டிப் போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. மறுப்புக் குறிப்பை அங்கேயே நின்று எழுதினேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அன்று திரும்பும் பஸ்ஸில், அவ்வளவு வெயிலிலும் சில்லிட்டிருந்த விரல்களால் என் கையைப் பிடித்தாய். வீட்டுக்கு வெளியே வங்காளமே பேசும், டாக்குரியாவில் வளர்ந்த தமிழ்ப்பெண் நீ, தமிழில் சொன்னாய்: "பயமா இருக்குடி."

நான் சிரித்துவிட்டேன். இப்போது அந்தப் பயம் என்னிடம் இருக்கிறது. இன்று கையெழுத்துப் போடும்போது என் கையை விடாமல் பிடித்துக்கொண்டது அதுதான்.